சான்றிதழில் போயர் போர், பெட்டிக்குள் வேறு போர்

மூன்று வருடங்களில் இந்தக் கடையில் ஐந்து பொருள் வாங்கினேன். இரண்டு அலமாரியில் இருக்கின்றன, இரண்டைத் திருப்பி அனுப்பினேன், ஐந்தாவதை ராணுவம் வந்து எடுத்துக்கொண்டு போனது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பணத் தகராறு இன்னும் தீரவில்லை என்பது ஒரு காரணம், இதே மாதிரி வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

இங்கிலாந்தில் இருந்துகொண்டு இணையத்தில் மட்டும் விற்கிறார்கள். பிரிட்டிஷ் பேரரசு 19-ஆம் நூற்றாண்டில் கண்டம் கண்டமாகப் போய் நடத்திய போர்களின் மிச்சம்தான் சரக்கு: தென்னாப்பிரிக்காவில் சூலு மக்களோடு நடந்த சூலு போர், ஆப்கான் போர், சூடான், அதே தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளோடு நடந்த போயர் போர். காலித் தோட்டா உறைகள், ஈயக் குண்டுகள், பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகி அதை வெடிக்க வைக்கும் பித்தளை ஃபியூஸ், முழு ஷெல் என்று எல்லாம் கிடைக்கும். ஒவ்வொரு பொருளோடும் ஒரு சான்றிதழ் வரும். கெட்டிக் காகிதம், சிவப்பு அரக்கு முத்திரை, கீழே படிக்க முடியாத ஒரு கையெழுத்து. பார்த்தால் கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை வாங்கியது பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியின் 'த்ரீ நாட் த்ரீ' (.303) தோட்டாவுக்கான ஆறு காலி உறைகள், 30 பவுண்டு. வந்ததும் துணியால் துடைத்துவிட்டு, லென்ஸ் வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஐந்தில் ஆர், எல் என்ற இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மேல்நோக்கிய அம்புக்குறி. அது லண்டன் ஊலிச்சில் இருந்த ராயல் லேபரட்டரி என்ற அரசுத் தோட்டாத் தொழிற்சாலையின் முத்திரை. பக்கத்தில் சி என்ற எழுத்தும் ரோமன் இரண்டும். சி என்றால் உள்ளே போனது பழைய கரிமருந்து இல்லை, கார்டைட் என்ற புகை குறைந்த மருந்து. ரோமன் எண் தோட்டாவின் வகையைச் சொல்வது. ஆண்டு எங்கும் இல்லை. புதிதாகச் சேர்க்கிறவர்கள் இதைப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ என்று நினைப்பார்கள், ஆனால் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை அடிக்கிற வழக்கமே 1907-இல்தான் வந்தது. ஆகவே ஆண்டு இல்லாததே ஒரு தேதி மாதிரிதான்.

ஆறாவது உறைதான் எனக்கு லாட்டரி. அதில் டி எழுத்தும் அம்பும், அதாவது கல்கத்தா பக்கத்தில் இருந்த டம்டம் தொழிற்சாலை. மூக்கில் ஈயம் வெளியே தெரிகிற மாதிரி செய்து, உடம்புக்குள் போனதும் விரிந்து பிளக்கிற தோட்டாவுக்கு உலகம் முழுக்க 'டம்டம்' என்று பெயர் வந்தது இந்த இடத்தால்தான். 1899-இல் ஹேக் மாநாட்டில் அந்த வகையைத் தடை செய்தார்கள். என்னிடம் வந்தது வெறும் உறை, அதில் எந்த வகைக் குண்டு இருந்தது என்பதை உறையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஐந்து ஊலிச் உறைகளோடு ஒரு டம்டம் உறையைக் கலந்து அதே விலைக்குப் போட்டிருந்தார்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன், அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, போயர்கள் பயன்படுத்திய 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டா ஐந்து, அதன் கிளிப்போடு, 40 பவுண்டு. உள்ளே மருந்து கிடையாது, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஊசி குத்திய தடம் தெளிவாக இருந்தது. அடியில் டி, எம், கே, 1897. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத் தொழிற்சாலையின் சரக்கு. பொருள் அசல், விலை நியாயம். குண்டின் மூக்கில் மங்கலாகப் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரம் போகாமல் இருக்கத் தடவிய மெழுகு, உலோகத்தோடு சேர்ந்து பச்சையாகிவிடும். இதைப் பார்த்துத்தான் போயர்கள் விஷம் தடவிய தோட்டா சுடுகிறார்கள் என்று பிரிட்டிஷ் பக்கம் புரளி கிளம்பியது. அந்தப் பச்சையை நான் துடைக்கவில்லை.

சிக்கல் சான்றிதழில். "ஸ்பியான் கோப் போர்க்களத்தில் கண்டெடுக்கப்பட்டது, 1900 ஜனவரி" என்று அதில் எழுதியிருந்தது. நம் ஆட்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் இருக்கிற அந்த மலை வெறும் பெயர் இல்லை. காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை அந்தப் பக்கம்தான் ஸ்ட்ரெச்சர் தூக்கியது, படையில் பெரும்பகுதி நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள், அதில் தமிழர்களும் உண்டு. இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்ததே அங்கிருந்துதான். அதனால் அந்த வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அப்புறம் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. மண்ணில் நூறு வருடம் கிடந்த பித்தளை இப்படி இருக்காது. ஒரு பக்கம் கறுத்து, இன்னொரு பக்கம் பச்சை பூத்து, மேல்தோல் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும், கிளிப்பின் தகடு துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். இதுவோ டப்பாவில் தூங்கியது போல இருக்கிறது. அது மட்டுமில்லை, தென்னாப்பிரிக்காவின் 1999 பாரம்பரியச் சட்டப்படி 75 வருடத்துக்கு மேற்பட்ட ராணுவப் பொருள்களும் அவை கிடைக்கிற இடங்களும் தொல்பொருள் கணக்கில் வரும். அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது, எடுக்கக் கூடாது, மெட்டல் டிடெக்டரோடு போகவே கூடாது. ஆக, சான்றிதழ் உண்மை என்றால் சரக்கு திருட்டாக இருக்கலாம், சரக்கு நேர்மையானது என்றால் சான்றிதழ் பொய். கடைக்கு எழுதிக் கேட்டேன். "ஒரு குடும்பத்தின் பழைய சேகரிப்பு" என்று பதில் வந்தது. எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் அந்தப் பழைய குடும்பம்தான் வருகிறது, பெரிய குடும்பமாக இருக்க வேண்டும்.

தோட்டாக்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, சான்றிதழை மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, அப்போது பிரிட்டிஷ் சிப்பாய் வைத்திருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டா உறை. சான்றிதழில் சூலு போரின் பேர்பெற்ற சண்டை ஒன்று நடந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட், 1879 ஜனவரி 22. விலை 95 பவுண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. 1879-இல் சிப்பாயிடம் இருந்த தோட்டா இன்றைக்கு நாம் நினைக்கிற மாதிரி ஒரே துண்டாக இழுத்த பித்தளைக் குழாய் இல்லை. மெல்லிய பித்தளைத் தகட்டை பீடி மாதிரி சுற்றி, அடியில் ஒரு இரும்புத் தட்டைப் பொருத்தியிருப்பார்கள். நண்பர் ஒருவரின் வீட்டில் அசலைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். சுற்றின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படும், கழுத்து ஒடுங்குகிற இடத்தில் தகடு சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே நசுங்கிவிடுமோ என்று பயமாக இருக்கும். உள்ளே 85 கிரெயின் (சுமார் ஐந்தரை கிராம்) கரிமருந்து, மேலே 480 கிரெயின் (சுமார் 31 கிராம்) எடையில் காகிதம் சுற்றிய ஈயக் குண்டு. துப்பாக்கி சூடாகி, அறையில் கரி படிந்ததும் இந்தத் தகடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் அடித்தட்டு மட்டும் கழன்று வரும், மீதி உள்ளேயே நிற்கும். சூடானில் மணலும் சேர்ந்துகொண்டதும் புகார் தாங்க முடியாமல் போனது. கெட்டிப் பித்தளை உறை பட்டாளத்துக்கு வந்தது அதற்கப்புறம், 1880-களில்.

எனக்கு வந்த உறை வழுவழுப்பாக, ஒரே துண்டாக, அடியில் 'கைனாக்' என்ற கம்பெனிப் பெயரும் 577/450 என்ற அளவும் பொறித்து இருந்தது. ராணுவச் சரக்கில் இப்படிக் கடைப்பெயர் போட மாட்டார்கள். இது பிற்காலத்தில் வேட்டைக்காரர்களுக்குப் பெட்டியில் போட்டு விற்ற தோட்டா. நல்ல பொருள்தான், பத்துப் பன்னிரண்டு பவுண்டு என்றால் சந்தோஷமாக வாங்குவேன். ரோர்க்ஸ் டிரிஃப்ட் அது இல்லை. படம் எடுத்து அனுப்பினேன், விவாதம் பண்ணாமல் ஒன்பது நாளில் பணம் திரும்பியது. இதற்கு முழு மதிப்பெண். அந்த ஒன்பது நாளை நம்பித்தான் நான்காவதை வாங்கினேன்.

நான்காவது பெரிய செலவு. "15 பவுண்டர் ஷ்ராப்னல் குண்டு, லேடிஸ்மித் முற்றுகை, அசல் பித்தளை உறையோடு", 260 பவுண்டு. பவுண்டர் என்பது விலை இல்லை, குண்டின் எடையை வைத்துப் பீரங்கிக்குச் சொல்கிற பெயர்; ஷ்ராப்னல் என்றால் உள்ளே சிறு உருண்டைகளை அடைத்த குண்டு. லேடிஸ்மித் என்ற தென்னாப்பிரிக்க ஊரின் பெயர் ஒட்டினாலே விலை ஏறிவிடும். 1899 நவம்பரிலிருந்து 1900 பிப்ரவரி வரை நடந்த முற்றுகை அது, கிறிஸ்துமஸ் அன்று போயர்கள் ஒரு குண்டுக்குள் வெடிமருந்துக்குப் பதிலாகப் புட்டிங்கை அடைத்து வாழ்த்துச் செய்தியோடு ஊருக்குள் சுட்டார்கள், அந்தக் கதையைச் சொல்லாத விற்பனையாளர் கிடையாது. இங்கும் விளம்பரத்தில் நாலு பத்தி அதுதான். படங்கள் பிரமாதம், கறுப்பு வெல்வெட் துணி, பக்கத்தில் ஒரு காய்ந்த ரோஜாப்பூ. அளவுகோல் மட்டும் இல்லை.

பெட்டி வந்ததும் வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். குண்டின் அடிப்பக்கம் சுற்றியிருக்கிற செம்பு வளையத்துக்கு மேலே, உடம்பின் விட்டம் 83 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இன்னொரு தடவை, வேறு இடத்தில் வைத்து அளந்தேன். அதே. போயர் போரில் பிரிட்டிஷ் களப்படை இழுத்துப்போன 15 பவுண்டரின் வாய் 3 அங்குலம், 76.2 மில்லிமீட்டர். 83 மில்லிமீட்டர் குண்டை அதற்குள் தள்ளவே முடியாது. 3.3 அங்குலம், அதாவது 83.8 என்பது 18 பவுண்டரின் அளவு. அந்தப் பீரங்கி படையில் சேர்ந்தது 1904-இல். போயர் போர் முடிந்தது 1902 மே 31. மூக்கில் இருந்த ஃபியூஸில் கறுப்பு மெழுகை அப்பியிருந்தார்கள், துணியில் பெயிண்ட் கரைக்கிற ஒயிட் ஸ்பிரிட் கொஞ்சம் நனைத்துத் துடைத்தேன், கீழே 80 என்ற எண் வந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் 16. எண்பதாம் எண் ஃபியூஸ், 1916. முதல் உலகப் போரில் 18 பவுண்டர் குண்டுகளைக் கோடிக்கணக்கில் சுட்டார்கள், இங்கிலாந்தில் எத்தனையோ வீடுகளில் பூச்சாடியாக அதன் உறை நிற்கிறது.

என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். அளக்காமலேயே கண்டுபிடித்திருக்கலாம். அந்தப் பழைய 15 பவுண்டருக்குப் பித்தளை உறையே கிடையாது, கார்டைட்டைத் துணிப்பையில் கட்டித் தனியாகப் போடுவார்கள். "அசல் பித்தளை உறையோடு" என்ற வரியிலேயே குட்டு உடைந்திருக்கிறது, இரவு பதினொரு மணிக்குப் புட்டிங் கதையைப் படித்துக்கொண்டே பட்டனை அழுத்தியதில் கவனிக்கவில்லை.

இந்த முறை கடை இறங்கி வரவில்லை. "எங்கள் நிபுணருக்கு நாற்பது வருட அனுபவம்" என்று பதில். அவருடைய அனுபவத்தை நான் சந்தேகப்படவில்லை, அவர் வீட்டில் ஸ்கேல் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். பத்து நாள் கழித்து ஒத்துக்கொண்டார்கள், ஆனால் திருப்பி அனுப்பும் செலவு என் தலையில். அதிலும் இரண்டு கூரியர்கள் பெட்டிக்குள் என்ன என்று கேட்டு, உண்மையைச் சொன்னதும் எடுக்க மாட்டோம் என்று விட்டார்கள், காலியான குண்டு என்றாலும் சரி. கடைசியில் நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன், மூன்றரை மணி நேரம் ஒரு வழி. வாசலில் வாங்கிக்கொண்டவர் நன்றி சொன்னார், ஒரு டீ கூடக் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் அவர்களுடைய 'அடையாளம் காணும் சேவை'யையும் ஒரு தடவை பரிசோதித்தேன். 25 பவுண்டு கட்டி நாலு படம் அனுப்பினால் உங்கள் பொருள் என்னவென்று எழுதித் தருவார்கள். சுரங்கத்தில் தாதுக்கல்லை அரைக்கிற உருளைக்குள் போடும் எஃகு உருண்டை ஒன்று என்னிடம் இருந்தது, வேண்டுமென்றே அதை அனுப்பினேன். எடை என்ன என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. விட்டமும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் பதில்: "12 பவுண்டர் பீரங்கிக் குண்டு, கிழக்கிந்தியக் கம்பெனி, கர்நாடகப் போர்கள்". அரக்கு முத்திரையோடு.

12 பவுண்டர் குண்டின் விட்டம் ஏறக்குறைய 112 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், என்னுடையது சரியாக 100. எடை 4.1 கிலோ. இந்த 4.1-ஐப் பாருங்கள், விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்துக் குண்டுகள் வார்ப்பிரும்பு. 100 மில்லிமீட்டர் உருண்டை வார்ப்பிரும்பில் இருந்தால் 3.8 கிலோவைத் தாண்டாது, உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் இன்னும் குறையும். மண்ணில் கிடந்து துரு தின்றிருந்தால் அதற்கும் கீழே. அளவுக்கு மீறிக் கனத்தால் அது எஃகு, எஃகு என்றால் பீரங்கி யுகம் இல்லை. சமையலறைத் தராசும் ஒரு நூலும் இருந்தால் யாரும் செய்யக்கூடிய கணக்கு. பழைய பீரங்கிக் குண்டு என்று சந்தைக்கு வருகிறவற்றில் அரைக்கிற ஆலை உருண்டையும் விளையாட்டு வீரர்கள் எறிகிற இரும்புக் குண்டும் எத்தனை என்று எண்ணி முடியாது.

இதற்கு மேலும் ஏன் ஐந்தாவது வாங்கினேன் என்று வீட்டிலும் கேட்டார்கள். காரணம், படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது அசல். 7 பவுண்டர் மலைப் பீரங்கியின் குண்டு, வாய் வழியாகப் போட்டுத் திணிக்கிற வகை. உடம்பைச் சுற்றி இரண்டு வரிசையாகக் குமிழ்கள். குழாயின் உள்ளே வெட்டியிருக்கிற திருகு வரிகளில் இந்தக் குமிழ்கள் உட்கார்ந்துகொண்டு குண்டைச் சுழல வைக்கும். பின்னால் வந்த செம்பு வளையத்துக்கு முந்திய ஏற்பாடு இது. அந்தக் குமிழ்களைப் போலியாக வைக்கிற சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 1879 சூலு போரில், இசாண்டில்வானா சண்டையில் பிரிட்டிஷ்காரர்கள் சூலுகளிடம் இழந்தது இப்படிப்பட்ட இரண்டு பீரங்கிகளைத்தான். 180 பவுண்டு. வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டேன்: உள்ளே இருந்த மருந்தை எப்படி எடுத்தீர்கள்? "140 வருடமாகிவிட்டது, உள்ளே என்ன இருக்கப் போகிறது, முழுப் பாதுகாப்பு" என்று எழுதினார்கள். அந்தப் பதிலோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பேக்கிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் இவர்களைப் போலக் கட்டி அனுப்புகிறவர்கள் கிடையாது. மரப்பெட்டி, வைக்கோல், துணி, ஒவ்வொரு சுற்றுக்கும் டேப். ஐந்துக்கு ஐந்து.

பிரித்ததும் மூக்கைத்தான் பார்த்தேன். காலி செய்த குண்டில் ஃபியூஸ் துளை திறந்திருக்கும், டார்ச் அடித்தால் உள்சுவர் தெரியும். இதில் பித்தளை மூடி இறுகத் திருகியிருந்தது. மூடிக்கும் இரும்புக்கும் நடுவில் துரு ஒரே தோலாகப் படர்ந்திருந்தது, அதாவது அந்தத் திருகை யாரும் எப்போதும் கழற்றவே இல்லை. வேறு எங்கும் துளை போட்ட தடமும் இல்லை. மெதுவாகச் சாய்த்தேன், உள்ளே ஏதோ சரிந்தது. மணல் மாதிரி ஒரு சத்தம்.

கரிமருந்துக்கு வயது தெரியாது. வெடியுப்பு, கரி, கந்தகம், இந்த மூன்றும் காய்ந்த நிலையில் அடைத்து வைத்தால் நூற்றைம்பது வருடம் கழித்தும் வேலை செய்யும். 2008-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர் காலத்துக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்துபோனார். நான் மூடியைத் தொடவில்லை, துரு எடுக்கப் பிரஷ் வைக்கவில்லை, பெட்டியோடு அப்படியே தோட்டத்தில் வைத்துவிட்டு, வீட்டில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் போலீசுக்குப் போன் பண்ணினேன். அவர்கள் ராணுவ வெடிகுண்டுப் பிரிவைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள், இளம் வயது, ரொம்ப மரியாதை. கையோடு கொண்டுவந்த எக்ஸ்ரேயில் படம் எடுத்தார்கள். அதை என்னிடமும் காட்டினார்கள்: அடிப்பாகத்தில் பாதிக்கு மேல் நிறைந்த ஒரு நிழல். "இது கூரியர் வண்டியிலா வந்தது?" என்று ஒருவர் இரண்டு தடவை கேட்டார்.

அன்று மாலை ஒரு வயல்வெளியில் வைத்து வெடிக்க வைத்துவிட்டார்கள். நாங்கள் வைத்த மருந்தை விடப் புகை அதிகமாக வந்தது என்று போனில் சொன்னார்கள். போலீசார் கடையின் விலாசத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பணத்தைக் கேட்டுக் கடைக்கு எழுதினேன், போலீஸ் கொடுத்த குறிப்பெண்ணையும் சேர்த்து. இன்றோடு ஏழு வாரம். நேற்றுதான் பதில் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறார்களாம், பொருளைச் சேதமில்லாமல், அசல் பெட்டியிலும் சான்றிதழோடும் திருப்பி அனுப்பினால் முழுத் தொகையும் கிடைக்குமாம். பெட்டி இருக்கிறது, சான்றிதழும் பத்திரமாக இருக்கிறது.